கூல வீதியும் அறுவை வீதியும்

அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் கடை வைத்து வாழும் வணிகப் பெருமக்களே, ஷிப்ட் முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இந்த மண்டபத்துக்கு வந்திருக்கும் தையல் கூடத் தங்கைகளே!

இன்றைய பேச்சின் பொருள் ‘டிரை குட்ஸ்’. ஆங்கிலத்தில் இரண்டே சொல். அமெரிக்காவில் பழைய தலைமுறைக்காரர் ஒருவரிடம் டிரை குட்ஸ் கடை எங்கே என்று கேட்டால் ஜவுளிக்கடையைக் காட்டுவார். துணி, நூல், பொத்தான், ரிப்பன் விற்கும் கடை அது. இங்கிலாந்திலும், அதன் ஆட்சியில் இருந்த பல நாடுகளிலும் அதே கேள்வியைக் கேட்டால் அரிசி, மாவு, பருப்பு, தேயிலை இருக்கும் கடைக்கு வழி சொல்வார்கள். ஒரே பெயர், இரண்டு கடைகள். ஓரிடத்தில் ஜவுளி, இன்னோரிடத்தில் மளிகை. ஜவுளிக்கும் மளிகைக்கும் என்ன உறவு? இந்த உறவை முதலில் கண்டவர்கள் வெள்ளைக்காரர்கள்தானா?

ஆங்கிலத்தில் இந்தப் பெயர் 17ஆம் நூற்றாண்டிலிருந்தே வழங்குகிறது. திரவத்தை அளக்கும் அளவை வேறு, தானியத்தை அளக்கும் அளவை வேறு என்று அங்கே வைத்திருந்தார்கள். உலர்ந்த அளவையால் அளக்கப்படுவது உலர்ந்த சரக்கு என்பது ஒரு விளக்கம். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துத் துறைமுக ஊர்களில் கடையின் ஒரு பக்கம் ரம் பீப்பாய்களும் மறுபக்கம் துணி மூட்டைகளும் இருந்தன, அதனால் ஒரு பக்கம் ஈரச் சரக்கு, மறுபக்கம் உலர்சரக்கு என்று ஆயிற்று என்பது இன்னொரு விளக்கம். எது முந்தியது என்ற வழக்கு நமக்கு வேண்டாம். இரண்டு விளக்கங்களும் ஒரு கடைக்காரரின் கண்ணால் சரக்கைப் பார்க்கின்றன. அதுதான் முக்கியம்.

நம் கடைக்காரர் சரக்கை எப்படிப் பார்த்தார்? தமிழ் இலக்கணம் அளவையை நான்காகப் பிரிக்கிறது: எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல். தேங்காயை எண்ணுவோம். மிளகாயை எடைபோடுவோம். அரிசியை முகந்து அளப்போம். துணியை நீட்டி அளப்போம். அரிசிக்கும் எண்ணெய்க்கும் ஒரே நாழிதான், ஒரே உழக்குதான். ஈரமா உலர்வா என்று தமிழன் பிரிக்கவில்லை. கை எப்படி அசைகிறது என்று பார்த்துப் பிரித்தான்.

ஆனாலும் துணியையும் தானியத்தையும் அவன் எங்கே வைத்தான் என்று பாருங்கள். சிலப்பதிகாரத்தில் ஊர்காண் காதை. கோவலன் மதுரையைச் சுற்றிப் பார்க்கிறான். ரத்தினக் கடைகளைக் கடக்கிறான், பொற்கடைகளைக் கடக்கிறான். அடுத்து வருவது அறுவை வீதி. அறுவை என்றால் துணி. பருத்தி நூலாலும், மயிராலும், பட்டாலும் நெய்த மடிப்புகள் நூற்றுக்கணக்கில் அடுக்கி வைக்கப்பட்ட தெரு அது. அதற்கு அடுத்து என்ன? கூல வீதி. கூலம் என்றால் தானியம். தராசுக்காரர்களும் மரக்கால் வைத்திருப்போரும் அங்கும் இங்கும் திரிகிறார்கள். பருவம் அல்லாத காலத்திலும் மிளகு மூட்டை கிடக்கிறது, தானியம் குவிந்து கிடக்கிறது. அறுவை வீதியை விட்டால் கூல வீதி! அமெரிக்கனுடைய டிரை குட்ஸும் இங்கிலாந்துக்காரனுடைய டிரை குட்ஸும் மதுரையில் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இருந்தன.

இன்னும் ஒன்று உண்டு. சங்கப் பாடல்களை எழுதியவர்களில் ஒருவர் பெயர் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார். ஜவுளி வியாபாரி. மணிமேகலையை எழுதியவர் மதுரைக் கூலவாணிகன் சாத்தனார். தானிய வியாபாரி. துணி விற்றவரும் தவசம் விற்றவரும் தம் தொழிலைப் பெயரோடு சேர்த்து வைத்துக்கொண்டார்கள். அதில் அவர்கள் கண்டது பெருமை. கடையில் உட்கார்ந்திருப்பவரைப் ‘படிக்காத ஆள்’ என்று சொல்லும் வழக்கம் பிற்காலத்தில் வந்தது. சாத்தனாரின் காலத்தில் தராசுக்கும் எழுத்தாணிக்கும் பகை இல்லை.

துணியையும் தானியத்தையும் சேர்ப்பது எது? இரண்டும் காத்திருக்கும். பாலும் மீனும் கீரையும் அன்றைக்கே விலை போக வேண்டும். துணி மூட்டையும் பருப்பு மூட்டையும் அடுத்த சந்தைக்குக் காத்திருக்கும், அடுத்த ஊருக்கு வண்டி ஏறும், கடல் கடந்தும் போகும். அதனால்தான் உலகத்தின் தூர வாணிபம் இந்த இரண்டின் முதுகில் வளர்ந்தது. சென்னைப்பட்டணம் பிறந்ததும் இதனால்தான்.

1639இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் பிரான்சிஸ் டே இந்தக் கடற்கரையில் இடம் பிடித்தபோது எதற்காகப் பிடித்தார்? துறைமுகம் நன்றாக இருந்ததா? இல்லை. அலை அடித்துப் படகைக் கவிழ்க்கும் திறந்த கடல் அது. துணி மலிவாகக் கிடைத்தது. மற்ற இடங்களைவிட 20 சதவீதம் மலிவு என்பது கம்பெனிக்காரர்களின் கணக்கு. புனித ஜார்ஜ் கோட்டையின் அஸ்திவாரத்துக்குக் கீழே இருப்பது துணிக் கணக்கு. துணி இருபது இருபதாகக் கட்டி ‘கோர்ஜ்’ என்று எண்ணப்பட்டது. வெளுக்க வண்ணாரப்பேட்டை. நெசவாளரைக் குடியேற்ற ஆளுநர் காலெட்டின் பெயரில் காலடிப்பேட்டை. 1734இல் சின்னத் தறிப்பேட்டை, இன்றைய சிந்தாதிரிப்பேட்டை. அங்கே வணிகர் சுங்குராமச் செட்டியாரின் தோப்பைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. தோப்பு ஏன்? பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி போட மர நிழல் வேண்டும். ஒரு நெசவாளிக்கு வேண்டிய நிழலைப் பார்த்து ஒரு பேட்டையின் இடம் முடிவானது.

இந்தத் துணி கோட்டைக்குள் எங்கிருந்து வந்தது? உள்நாட்டிலிருந்து வந்தது. காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து வரும் வண்டிகளுக்கு வழி பூந்தமல்லி. இன்றும் வயதானவர்கள் நகரத்துக்குள்ளேயே ‘பூந்தமல்லி ஹைரோடு’ என்று சொல்கிறார்களே, அந்தப் பெயர் சும்மா வந்ததில்லை. 1680ஐ ஒட்டிய ஆண்டுகளில் கோல்கொண்டா அரசின் சார்பில் பூந்தமல்லிச் சீமையை நிர்வகித்தவர் லிங்கப்பா. அவருக்கும் கம்பெனிக்கும் தகராறு முற்றியபோது, அவர் கோட்டைமேல் பீரங்கி வைக்கவில்லை. சரக்கு உள்ளே போகும் வழியை அடைத்தார். அதுவே போதுமானதாக இருந்தது. மேற்கே இருக்கும் நம் ஊர்கள் கையை மூடினால் கிழக்கே இருக்கும் கோட்டைக்கு மூச்சு முட்டும். அந்த நிலையை இந்த மண் அன்றே பார்த்துவிட்டது.

கடல் கடந்த கதைக்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். எலிஹு யேல், 1687 முதல் 1692 வரை சென்னையின் ஆளுநர். இங்கே இருந்தபோது பெரும் செல்வம் சேர்த்தார். ஊர் திரும்பி வெகு காலத்துக்குப் பிறகு, 1718இல், அமெரிக்காவின் கனெக்டிகட்டில் தள்ளாடிக்கொண்டிருந்த ஒரு சிறு கல்லூரிக்கு நன்கொடை அனுப்பினார். பணமாக அனுப்பவில்லை. புத்தகங்களோடும் மன்னரின் படத்தோடும் ஒன்பது பொதி சரக்கு அனுப்பினார். அந்தப் பொதிகளில் காலிகோவும் மஸ்லினும் இருந்தன. பாஸ்டனில் விற்றதில் 562 பவுன் கிடைத்தது. கல்லூரி தன் பெயரை யேல் என்று மாற்றிக்கொண்டது. இன்று உலகம் அண்ணாந்து பார்க்கும் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர்ப்பலகை ஜவுளிப் பொதிகளுக்குக் கடன்பட்டது. அந்தச் செல்வத்தின் ஒரு பங்கு நம் ஊர்த் தறிகளின் மேல் எழுந்தது. அந்தத் தறியில் உட்கார்ந்தவரின் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை.

அமெரிக்காவில் உலர்சரக்குக் கடை பிறகு எங்கே போய் நின்றது தெரியுமா? 1846இல் நியூயார்க்கில் ஏ.டி. ஸ்டூவர்ட் பளிங்கு மாளிகை ஒன்றையே டிரை குட்ஸ் கடையாகக் கட்டினார். மேசியின் கடை 1858இல் டிரை குட்ஸ் கடையாகத் திறந்தது. லீவை ஸ்ட்ராஸ் 1853இல் சான்பிரான்சிஸ்கோவில் டிரை குட்ஸ் மொத்த வியாபாரம் தொடங்கினார். அவர் கடைச் சரக்கிலிருந்தே 1873இல் செப்பு ஆணி அடித்த ஜீன்ஸ் பிறந்தது. இன்று ‘டார்கெட்’ என்று அறியப்படும் பெருங்கடைச் சங்கிலியின் வேர், மினியாபோலிஸ் நகரத்தின் டேட்டன் டிரை குட்ஸ் கம்பெனி. ஜவுளி அடுக்கிய மரப்பலகையிலிருந்து பல மாடிக் கடைகள் கிளம்பின. நம் தியாகராய நகரும் அதே வழியில்தான் வளர்ந்தது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் நம் ஊரில் கூல வீதியும் அறுவை வீதியும் இன்று எங்கே இருக்கின்றன? ஜார்ஜ் டவுனுக்குப் போங்கள். மொத்தத் துணிக்குக் கோடவுன் தெரு. மளிகைக்கும் வாசனைச் சாமானுக்கும் கோவிந்தப்ப நாயக்கன் தெரு. இரண்டும் என்.எஸ்.சி. போஸ் சாலையை ஒட்டியவை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போய்விடலாம். அம்பத்தூர் ஜவுளிக்கடைக்காரரும் ஆவடி மளிகைக்கடைக்காரரும் காலை மின்சார ரயிலில் ஒன்றாகப் போய், ஆளுக்கொரு தெருவில் சரக்கு எடுத்து, மாலையில் ஒன்றாகத் திரும்பிய காலம் இங்கே பலருக்கு நினைவிருக்கும். அந்த ரயில் பாதைக்கும் வயது குறைவில்லை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போனது. அது அம்பத்தூர், ஆவடி மண்ணைத் தாண்டித்தான் போனது.

அந்தக் கால மளிகைக்கடையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். வாசலில் சாக்குகள், வாயை வெளிப்புறமாகச் சுருட்டி விட்டபடி. துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, உளுந்து, பச்சைப்பயறு. உத்தரத்திலிருந்து தொங்கும் நூல்கண்டு. அண்ணாச்சி பழைய செய்தித்தாளைக் கிழிக்கிறார், கூம்பாகச் சுருட்டுகிறார், சீரகத்தைக் கொட்டுகிறார், மேல் வாயை மூன்று மடிப்பாக மடக்குகிறார். நூலை இழுத்து இரண்டு சுற்று, ஒரு சுண்டு. பொட்டலம் முடிந்தது. பார்வை பொட்டலத்தில் இல்லை. அடுத்த ஆளின் சிட்டையைப் படித்துக்கொண்டிருக்கிறார். படியால் அளக்கும்போது தலையைத் தட்டி அளப்பதா, கோபுரமாக அளப்பதா என்பதில் ஒரு குடும்பத்தோடு அவருக்குள்ள உறவு தெரியும். எட்டுப் படி ஒரு மரக்கால், ஐந்து மரக்கால் ஒரு பறை, எண்பது பறை ஒரு கரிசை. இதுதான் சென்னை அளவு. 1960களில் கிலோ வந்து இவ்வளவையும் ஓரம் கட்டியது. ஏமாற்று குறைந்தது. அது நல்ல காரியம், மறுக்க முடியாது.

சரி, காத்திருக்கும் சரக்கு என்று சொன்னோம். காத்திருக்கும் சரக்கைப் பதுக்கவும் முடியும். இதையும் இந்த மேடையில் சொல்லித்தான் ஆக வேண்டும். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். சென்னைக் கடற்கரையில் தானிய மூட்டைகள் மலையாகக் குவிந்திருந்தன. அந்தக் காட்சி படமாகவே கிடைக்கிறது. தானியம் இருந்தது, வாங்கக் காசு இல்லை. உள்நாட்டில் மனிதர்கள் எலும்பாகிச் செத்தார்கள். நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது 450 கிராம், போதும் என்று பிரிட்டிஷ் அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் கணக்குப் போட்டார். மண் வெட்டும் மனிதனுக்கு 450 கிராம்! பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதியை அந்தப் பசித்த கைகள்தான் வெட்டின. கடற்கரையில் மூட்டை காத்திருந்தது. மனிதனால் காத்திருக்க முடியவில்லை.

அந்த அனுபவத்தின் வழியாகத்தான் ரேஷன் கடையைப் பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வந்த ரேஷன், 1952இல் ராஜாஜி கட்டுப்பாட்டை நீக்கியது, பிறகு மீண்டும் வளர்ந்த பொது விநியோகம், 2007இல் சேர்ந்த துவரம்பருப்பும் பாமாயிலும், 2011 முதல் விலையில்லா அரிசி என்று இந்த வரலாறு நீள்கிறது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவும் இதே கூலத்தின் மேல் நிற்கிறது. தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு நாளைக்கு 100 கிராம் அரிசி என்பது அளவு. 2020இல் கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது சமைத்த சோறு போட முடியவில்லை. அரசு என்ன செய்தது? அரிசியும் பருப்பும் வீட்டுக்கே கொடுத்தது. ‘உலர் உணவுப் பொருட்கள்’ என்றுதான் அறிவிப்பில் எழுதினார்கள். அந்த இக்கட்டில் டிரை குட்ஸ் நம் அரசு அறிவிப்புக்குள் தமிழாக வந்தது.

பொங்கலுக்கு முன் ரேஷன் கடைக்குப் போனவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். ஒரு கையில் பச்சரிசி, மறு கையில் வேட்டி சேலை. 1983இல் தொடங்கிய விலையில்லா வேட்டி சேலைத் திட்டம் ஏழைக்குத் துணி தருகிறது, நெசவாளிக்கு ஆண்டின் சில மாதங்கள் வேலை தருகிறது. நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் என்று தறிச் சத்தம் கேட்கும் ஊர்கள் இருக்கின்றன. அறுவை வீதியும் கூல வீதியும் ஒரே ஜன்னலுக்குள் வந்துவிட்டன. இளவேட்டனாரும் சாத்தனாரும் பார்த்தால் மகிழ்வார்கள்.

இப்போது ஆவடிக்கு வருவோம். ஆவடி என்றால் எல்லோருக்கும் டாங்கி நினைவுக்கு வரும். 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு கூடிச் சோஷலிச மாதிரிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்ட ஊர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இரண்டும் உண்மை. ஆனால் 1961இல் இங்கே தொடங்கிய படைத்துறை உடைத் தொழிற்சாலையை ஏன் யாரும் பெருமையாகச் சொல்வதில்லை? பனியில் நிற்கும் சிப்பாய்க்குச் சட்டையும் கோட்டும் தைத்துத் தந்த ஊர் இது. 2021 அக்டோபர் முதல் அது ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் லிமிடெட் என்ற நிறுவனத்தின் கீழ் வந்துவிட்டது. டாங்கிக்கு அணிவகுப்பில் கைதட்டல் கிடைக்கிறது. சட்டை தைத்தவருக்கும் ஒரு கைதட்டல் வேண்டாமா?

அம்பத்தூரில் 1964இல் தொழிற்பேட்டை வந்தது. சைக்கிள், லேத், அச்சு என்று இரும்புச் சத்தத்துக்கு நடுவே ஏற்றுமதி ஆடைக் கூடங்களும் வளர்ந்தன. உள்ளே போய்ப் பார்த்தால் தெரியும்: நீண்ட மேசையில் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக விரிக்கிறார்கள். மேலே மார்க்கர் தாள். கட்டிங் மாஸ்டர் நிமிர்ந்த கத்தி மெஷினைத் தள்ளிக்கொண்டு போகிறார். கத்தி கோட்டை விட்டு நூலிழை விலகினாலும் அத்தனை அடுக்கும் வீண். வெட்டிய ஒவ்வொரு துண்டுக்கும் எண் ஒட்டுகிறார்கள். ஏன்? ஒரே சாயத்தில் நனைத்த துணிதான் என்றாலும் உருளைக்கு உருளை நிறம் மெல்ல மாறும். ஐந்தாம் அடுக்கின் கையை ஒன்பதாம் அடுக்கின் உடம்போடு தைத்தால் வெயிலில் காட்டிக்கொடுத்துவிடும். அந்த எண்ணைப் பார்த்துப் பார்த்து மணிக்கணக்கில் துண்டுகளைச் சேர்ப்பவர்கள் நம் வீட்டுப் பெண்கள். ஆவடியிலிருந்தும் திருநின்றவூரிலிருந்தும் விடியலில் கிளம்புகிறவர்கள். யேலின் பொதிக்குப் பின்னால் இருந்தவருக்குப் பெயர் இல்லை என்றோமே, இன்றைய ஏற்றுமதிச் சட்டையின் லேபிளில் மட்டும் தைத்தவரின் பெயர் இருக்கிறதா?

துணியோ தானியமோ, உலர்சரக்கின் உயிர் உலர்வில் இருக்கிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் நெல்லைத் திருப்பி அனுப்புவார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மாட்டிக்கொண்ட உழவர் தார்ச்சாலையில் நெல்லைக் கொட்டி, காலால் கிளறிக் கிளறிக் காய வைக்கிறார். காரில் போகிறவர் ஹாரன் அடிக்கிறார். அடிக்காதீர்கள்! ரேஷன் கடைக்கு அரிசியாக வருவது அந்த நெல்தான்.

நம் பகுதி எப்படிப்பட்ட பகுதி? ஏரி நாடு. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, புழல் ஏரி, ஆவடியில் பருத்திப்பட்டு ஏரி, பூந்தமல்லிக்கு அப்பால் செம்பரம்பாக்கம். உலர்சரக்கின் தலைநகரங்களில் ஒன்றை நாம் ஏரிகளுக்கு நடுவே வைத்திருக்கிறோம். 2015இல் தண்ணீர் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் மீண்டும் வந்தது. சிறு கூடங்களில் மோட்டார்கள் மூழ்கின. துணி நனைந்தால் கறை. பருப்பு நனைந்தால் பூஞ்சை. மூட்டையில் அடிச் சாக்கு மட்டும் நனைந்தாலும் மேல் சாக்கை யாரும் வாங்குவதில்லை.

ஏரி செய்த குற்றம் எதுவும் இல்லை. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்கும், அது நிரம்பினால் ரெட்டேரிக்கும் தண்ணீர் போக முன்னோர் வழி வைத்திருந்தார்கள். அந்த வழியில் என்னென்ன நிற்கிறது என்று இந்த அவையில் இருப்பவர்களுக்குப் பெயர் சொல்லாமலே தெரியும். வணிகர் சங்கத்தாருக்கு மூன்று வேண்டுகோள். புரட்டாசி பிறப்பதற்குள் அந்தக் கால்வாயைச் சங்கமாகப் போய் நடந்து பாருங்கள், அடைப்பைப் படம் பிடியுங்கள், மனுவோடு மாநகராட்சிக்குப் போங்கள். கடைக்கும் கூடத்துக்கும் மட்டுமல்லாமல் உள்ளே இருக்கும் சரக்குக்கும் காப்பீடு எடுங்கள். வாடகை ஒப்பந்தம் போடும்போது தரை மட்டம் சாலையைவிட எவ்வளவு உயரம் என்று கேளுங்கள். சாலை மேல் சாலை போட்டுக் கடைகள் பள்ளத்தில் இறங்கிவிட்ட தெருக்கள் நம்மிடம் நிறைய. அந்தத் தெருக்களின் பட்டியலை இன்றே எழுதத் தொடங்கலாம்.